"நாளைக்கு ஆரம்பிக்கலாம்" கோளாறு: பிளஸ் டூ தேர்வு நேரத்துக்கு அறிகுறிவாரியாக ஒரு பிழை நீக்கும் வழிமுறை

இதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நீ படிக்க வேண்டியதில்லை. படிக்க உட்கார வேண்டிய நேரத்தில் "எப்படிப் படிப்பது" என்று தேடிக்கொண்டிருப்பதும் தள்ளிப்போடுவதில் ஒரு ரகம்தான், அதுவும் குற்ற உணர்ச்சியே வராத ரகம். அதனால் கீழே உன் அறிகுறி எதுவோ அங்கே மட்டும் போய், சொன்னதைச் செய்து பார். மற்றதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

நான் வீட்டு மாடியில் தகரக் கூரைக்கு அடியில் பிளஸ் டூ கணக்கு டியூஷன் எடுக்கிறவள். வருவதெல்லாம் ஸ்டேட் போர்டு பிள்ளைகள், அதனால் நான் சொல்வதும் அந்தத் தேர்வை வைத்துத்தான். படிக்கிற காலத்தில் நானும் சரியான சோம்பேறி என்று பெயர் வாங்கியவள். அப்போது மொத்தம் 1200 மதிப்பெண், ஒவ்வொரு பாடமும் 200க்கு, பாஸ் மார்க் 70. அரையாண்டில் கணக்கில் 61 வாங்கிவிட்டு அந்தப் பேப்பரை அரிசி டிரம்முக்கு அடியில் ஒளித்துவைத்தேன். மாதா மாதம் அம்மா அந்த டிரம்மை நகர்த்திப் பெருக்குவாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஆனால் அன்றைக்குப் பார்த்து ஞாபகம் வரவில்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வருகிற அத்தனை அறிகுறிக்கும் வேர் இதுதான் என்பது இத்தனை வருஷம் பிள்ளைகளைப் பார்த்ததில் எனக்குப் பட்டது. புத்தகத்தைத் திறந்தால் உனக்கு என்ன தெரியாது என்பது தெரிந்துவிடும். அந்த நிமிஷத்தைத்தான் நீ தள்ளிப்போடுகிறாய். தேர்வு பயம் என்று சொல்வதும் அதே நிமிஷத்தைப் பற்றியதுதான். சில்லறை சில்லறையாக ஜூலையிலிருந்து வர வேண்டியது, மார்ச் மாதத்தில் ஒரு காலை பத்தேகால் மணிக்கு மொத்தமாக வந்து நிற்கிறது, வட்டியோடு. கனடாவில் கார்ல்டன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் டிம் பிச்சில் பல வருஷமாக இதே தள்ளிப்போடுதலைத்தான் ஆராய்ந்தார். அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் சொல்வது, இதை நேரத்தை நிர்வகிக்கத் தெரியாத குறையாகப் பார்க்கக் கூடாது, ஒரு கசப்பான உணர்ச்சியிலிருந்து அந்த நேரத்துக்குத் தப்பிக்கிற வழியாகப் பார்க்க வேண்டும் என்று. அப்படியானால் டைம்டேபிள் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது. கசப்பைச் சிறு சிறு உருண்டையாக்கி முன்னாலேயே விழுங்கினால்தான் உண்டு.

எதையும் சரிசெய்வதற்கு முன்

மிக்ஸி ஓடவில்லை என்று கொண்டுபோனால் கடைக்காரர் முதலில் பிளக்கைத்தான் பார்ப்பார். நீயும் அதைப் பார். நேற்று எத்தனை மணிநேரம் தூங்கினாய், இன்றைக்குக் காலையில் சாப்பிட்டாயா? உன் வயதில் எட்டிலிருந்து பத்து மணிநேரத் தூக்கம் தேவை, அதெல்லாம் நடக்காது என்று நீ சிரிப்பாய், சரி, ஏழாவது? ஐந்து மணிநேரம் தூங்கிவிட்டு "கவனமே நிற்கவில்லை, எனக்கு ஏதோ ஆகிவிட்டது" என்று வருகிற பிள்ளைகளை நான் பாய் போட்டு ஒரு மணிநேரம் படுக்கச் சொல்லியிருக்கிறேன். பாதிப் பேருக்கு அதோடு கோளாறு சரியாகிவிடும்.

அறிகுறி: புத்தகத்தைத் தவிர எல்லாவற்றையும் எடுக்கிறேன்

மேஜையைத் துடைக்கிறாய், பேனாவுக்கு ரீஃபில் மாற்றுகிறாய், தண்ணீர் பாட்டில் நிரப்பிக்கொண்டு வருகிறாய், அப்புறம் ஐந்து கலர் ஸ்கெட்சில் டைம்டேபிள். என்னிடம் படித்த ஒரு பெண் போட்ட டைம்டேபிளை இன்னும் வைத்திருக்கிறேன், அவ்வளவு அழகு. காலை 4.30 முதல் இரவு 11 வரை, நடுவில் "சாப்பாடு 15 நிமிடம்", "ரிலாக்ஸ் 10 நிமிடம்". அதைப் போட அவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது. திங்கட்கிழமை நாலரைக்கு எழவில்லை, ஆறே முக்காலுக்கு எழுந்தாள், அதனால் அன்றைய டைம்டேபிள் செல்லாது, செவ்வாயிலிருந்து புதிதாகத் தொடங்கலாம் என்று முடிவு. அடுத்த ஞாயிறு புது டைம்டேபிள், இந்த முறை ஓரத்தில் பூ.

செய்ய வேண்டியது: இன்றைக்கு டைம்டேபிள் வேண்டாம். ஏதாவது ஒரு பாடத்தின் புக் பேக் ஒன் மார்க்கில் பத்தே பத்தை எடு, பாடத்தைப் படிக்காமலே விடை எழுது, உடனே திருத்து. ஐந்து நிமிஷம் ஆகும், நான்கு சரியாக இருக்கும், ஆறு தப்பாக இருக்கும், முகம் சுண்டும். சுண்டட்டும், நீ ஒரு வாரமாக ஓடிக்கொண்டிருந்தது இந்த ஐந்து நிமிஷத்திலிருந்துதான், அது முடிந்துவிட்டது. தப்பான ஆறையும் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள். இனி "கணக்கே தெரியாது" என்று புலம்ப உனக்கு உரிமை இல்லை, இந்த ஆறு தெரியாது, அவ்வளவுதான், ஆறைச் சரிசெய்வது எப்படி என்று உனக்கே தெரியும்.

உட்கார்ந்ததும் எழுந்துவிடத் தோன்றினால் நேரத்தைக் கட்டிப்போடு. 25 நிமிஷம் வேலை, 5 நிமிஷம் ஓய்வு என்ற பொமோடோரோ முறையைக் கேள்விப்பட்டிருப்பாய். இத்தாலிக்காரர் பிரான்செஸ்கோ சிரில்லோ மாணவராக இருந்தபோது தக்காளி வடிவ சமையலறை டைமரை வைத்துத் தொடங்கியது அது. நம் வீட்டில் அதற்கும் வழி உண்டு, அம்மா பருப்பு வைக்கிற நேரமாகப் பார்த்து உட்கார், மூன்று விசில் வரும் வரை எழக் கூடாது. முதல் நாளுக்கு அது போதும்.

இன்னொன்று. "ஒரு மாசம் வீணாக்கிட்டேனே" என்று உன்னையே திட்டிக்கொண்டிருந்தால் அதை இப்போதே நிறுத்து. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அதே கார்ல்டனில் 2010ல் வெளியான ஓர் ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட முதலாண்டு மாணவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். திட்டிக்கொண்டே இருந்தால் புத்தகத்தைப் பார்க்கிறபோதெல்லாம் திட்டுதான் ஞாபகம் வரும், அப்புறம் யார் அதைத் திறப்பார்கள்.

அறிகுறி: மூன்று மணிநேரம் படித்தேன், மூடினால் ஒன்றும் வரவில்லை

இது தள்ளிப்போடுதல் மாதிரியே தெரியாது, ஏனென்றால் நீ உட்கார்ந்திருக்கிறாய், புத்தகம் திறந்திருக்கிறது, வீட்டில் டிவி சத்தத்தைக்கூடக் குறைத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் கைடில் போட்டிருக்கிற கணக்கைப் பார்த்து "ஆமா, ஆமா, இப்படித்தான்" என்று தலையாட்டிக்கொண்டே போவதும், ஹைலைட்டரால் பக்கம் முழுக்க மஞ்சள் பூசுவதும், தெரியாதது தெரியவருகிற அந்த நிமிஷத்தைச் சாமர்த்தியமாகத் தவிர்க்கிற வேலைதான். பக்கத்தில் விடை இருக்கிறவரை எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும்.

அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் இதைச் சோதித்து 2006ல் எழுதினார்கள். ஒரு பகுதியைச் சிலர் திரும்பத் திரும்பப் படித்தார்கள், சிலர் ஒருமுறை படித்துவிட்டு மூடி நினைவிலிருந்து எழுதி எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவில் இருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இதில் எனக்குப் பிடித்த இடம், எனக்கு அதிகம் நினைவிருக்கும் என்று கூடுதல் நம்பிக்கையோடு இருந்தவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான்.

அதனால் மூடு, எழுது, திற, சிவப்புப் பேனாவில் திருத்து. பிசிக்ஸில் மின் இருமுனையின் அச்சுக் கோட்டில் மின்புலம் என்று ஐந்து மார்க் தருவிப்பு இருக்கிறதே, அதை நாலு தடவை வாசிப்பதற்குப் பதில் ஒரு தடவை வாசித்துவிட்டு மூடி எழுது. படம் வரும், முதல் இரண்டு வரி வரும், அப்புறம் நிற்கும். எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு கோடு போட்டுவிட்டுப் புத்தகத்தைத் திற. உன் கேள்விக்குப் பதிலாக வந்ததால் அந்த ஒரு வரி மறக்காது. நாளைக்கு மறுபடியும் எழுது, கோடு கீழே நகர்ந்திருக்கும். மூன்று நாள் விட்டு இன்னொரு முறை. வலிக்கத்தான் செய்யும், மஞ்சள் பூசுவது எவ்வளவு சுகம் என்று எனக்கும் தெரியும்.

அறிகுறி: எத்தனை தடவை ஆரம்பித்தாலும் முதல் பாடத்திலேயே நிற்கிறேன்

கணக்குப் புத்தகத்தின் பக்கவாட்டைப் பார், முதல் பாடம் இருக்கிற இடம் மட்டும் அழுக்கேறிக் கறுத்திருக்கும். ஜூனில் ஒருமுறை, காலாண்டுக்கு ஒருமுறை, அரையாண்டுக்கு ஒருமுறை, ஜனவரி ஒன்றாம் தேதி புத்தாண்டுச் சபதத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் அணிகளும் அணிக்கோவைகளும். நேர்மாறு அணி காண்பதில் நீ புலி. இரண்டாம் தொகுதியோ அச்சகத்து வாசனை போகாமல் அப்படியே இருக்கும்.

எனக்கு வயிற்றெரிச்சல் வருகிற இடம் இது. கடைசியாக இருக்கிற 12வது பாடம், தனிநிலைக் கணிதம், முன்னால் இருக்கிற பதினோரு பாடத்தில் எதையும் பெரிதாகக் கேட்காது. மெய்மை அட்டவணை போடத் தெரிந்தால் போதும், டி, எஃப் என்று கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டே போகலாம். மட்டு 5ன் கூட்டலுக்கு அடைவு, பரிமாற்று, சேர்ப்பு, சமனி, எதிர்மறை என்று ஐந்து பண்புகளைச் சரிபார்க்கிற கணக்கை ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம். முதல் பாடத்திலிருந்து வரிசையாக வருகிறவனுக்கு இந்த இடம் கிடைக்கவே கிடைக்காது. பந்தியில் பாயசம் வருவதற்கு முன் எழுந்து போகிற மாதிரி.

செய்ய வேண்டியது: பின்னாலிருந்து வா. 12, அப்புறம் 11, அப்புறம் முன்னால் வந்து 2, இப்படிக் குதித்துப் போ. கணக்கில் பாடங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் என்பது உண்மைதான், 7வது பாடத்து வகை நுண்கணிதம் தெரியாமல் 8க்குப் போனால் திண்டாடுவாய். ஆனால் 12க்கு அப்படி எந்தத் தளையும் இல்லை. பிசிக்ஸிலும் இதே கதைதான், நிலைமின்னியல் பக்கங்கள் கிழிந்திருக்கும், கடைசிப் பாடமான அண்மைக்கால வளர்ச்சிகளைத் திறந்தே பார்த்திருக்க மாட்டாய்.

முதல் பாடத்துக்கே ஏன் திரும்பத் திரும்பப் போகிறோம் என்று நினைக்கிறாய்? அங்கே நமக்குத் தெரியும், வேறென்ன.

அறிகுறி: போன்

உனக்கே தெரியும். சைலன்ட்டில் கவிழ்த்து வைப்பது, ஆப்பை டெலிட் பண்ணி ராத்திரி திரும்ப ஏற்றுவது, எதுவும் வேலைக்காகாது. போன் வேறு அறையில், முடிந்தால் வேறு ஆளிடம். "நோட்ஸ் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வருது" என்றால் இருபது ரூபாய் செலவழித்து பிரின்ட் எடு.

அறிகுறி: மூன்று நாள்தான் இருக்கிறது, ஒன்றுமே படிக்கவில்லை

முதலில் கணக்குப் போடு, அழுகையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். கணக்குத் தாள் 90 மதிப்பெண், அக மதிப்பீடு 10, ஆக 100, தேர்ச்சிக்கு 35. தாளில் ஒரு மார்க் 20 கேள்வி, இரண்டு மார்க் பத்தில் ஏழு, மூன்று மார்க் பத்தில் ஏழு, ஐந்து மார்க் ஏழு, அந்த ஏழிலும் ஒவ்வொன்றுக்கும் "அல்லது" உண்டு. இரண்டு மார்க்கிலும் மூன்று மார்க்கிலும் கடைசிக் கேள்வி, அதாவது 30ஐயும் 40ஐயும், கட்டாயம் எழுத வேண்டும்.

மூன்று நாளில் பன்னிரண்டு பாடம் படிக்க முடியாது. அந்த ஆசையே மூன்று நாளையும் தின்றுவிடும். நான் சொல்வது இது: முதல் நாள் எல்லாப் பாடத்துக்கும் புக் பேக் ஒன் மார்க் மட்டும், மூடி, எழுதி, திருத்தி. இரண்டாம் நாள் உனக்கு அரைகுறையாகத் தெரிந்த மூன்று பாடம், கவனி, அரைகுறையாகத் தெரிந்தவை, சுத்தமாகத் தெரியாதவை கிடையாது, ஏனென்றால் அரைகுறையை முழுசாக்க ஆகிற நேரம் கொஞ்சம்தான். கூடவே 12வது பாடம். மூன்றாம் நாள் பழைய கொஸ்டின் பேப்பர் ஒன்றை எடுத்து, கதவைச் சாத்தி, மூன்று மணிநேரம் உட்கார்ந்து எழுது. சாயங்காலம் தப்பானதைத் திருத்து, ராத்திரி தூங்கு. சென்டம் வருமா என்று கேட்காதே, வராது. பாஸ் ஆகாதோ என்று பயந்துகொண்டிருந்தவர்கள் இந்த வழியில் நிம்மதியாகத் தேறியதை நான் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: முதல் நாள் ராத்திரி வயிற்றைக் கலக்குகிறது, தூக்கம் வரவில்லை

அட்ரினலின் வேலை அது. துரத்துகிற நாயிடமிருந்து ஓடுவதற்காக உடம்பு செய்கிற ஏற்பாடு, கொஸ்டின் பேப்பருக்கும் நாய்க்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. இதயம் வேகமாக அடிக்கும், உள்ளங்கை வியர்க்கும், செரிமானத்தை நிறுத்திவைத்து ரத்தத்தைக் கால் தசைகளுக்கு அனுப்பும், அதனால்தான் வயிறு கலங்குகிறது. உன் மூளை கெட்டுப்போனதற்கான அடையாளம் கிடையாது.

மூச்சை நாலு எண்ணி இழு, ஏழெட்டு எண்ணி மெதுவாக விடு. மூச்சு வெளியே போகிறபோது இதயத் துடிப்பு இயல்பாகவே தணியும், அதனால் விடுவதை நீட்டுவதுதான் விஷயம், ஆழமாக இழுப்பது இல்லை. பத்து முறை. தூக்கம் வராவிட்டாலும் விளக்கை அணைத்துப் படுத்தே இரு, ஒரு ராத்திரி சரியாகத் தூங்காமல் போனதால் யாரும் ஃபெயிலாவதில்லை, ஆனால் "ஐயோ தூங்கலையே" என்று எழுந்து உட்கார்ந்து விடிய விடியப் புது பாடம் படித்தவர்கள் ஹாலில் தெரிந்ததையும் குழப்பிக்கொண்டதை நிறையப் பார்த்தாகிவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்குக் குடித்த காபியில் ஏறக்குறையப் பாதி ராத்திரி பதினொன்றுக்கும் உடம்பில் இருக்கும், அன்றைக்கு மட்டும் பாலோடு நிறுத்திக்கொள்.

எழுதுகிற பழக்கம் இருந்தால் இன்னொரு வழி. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராமிரெஸ், பெய்லாக் என்ற இருவர் 2011ல் வெளியிட்ட ஆய்வில், தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிஷம் தங்கள் பயத்தை அப்படியே தாளில் எழுதித் தீர்த்த மாணவர்கள், அதுவும் வழக்கமாக அதிகம் பயப்படுகிறவர்கள், கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். நம் ஊரில் ஹால் வாசலில் உட்கார்ந்து எழுத இடம் கிடைக்காது, வீட்டிலேயே காலையில் எழுது. "ஃபெயிலானால் சித்தப்பா என்ன சொல்வார்" என்பது வரை எழுதிக் கிழித்துப் போடு. காலையில் வெறும் வயிற்றோடு போகாதே, இரண்டு இட்லி போதும். ஹால் டிக்கெட், நீலமோ கறுப்போ இரண்டு பேனா, பென்சில், ஸ்கேல் எல்லாம் ராத்திரியே பையில் போய்விட வேண்டும்.

அறிகுறி: கொஸ்டின் பேப்பரைப் பார்த்ததும் எல்லாம் அழிந்துபோனது

அழியவில்லை. கையில் இருக்கிற வேலையை வைத்துப் பார்க்கிற மேஜை மாதிரி மூளையில் ஓர் இடம் உண்டு, மிகச் சின்ன மேஜை. அதில் பயம் வந்து உட்கார்ந்துகொண்டால் சூத்திரத்துக்கு இடம் கிடைப்பதில்லை. அலமாரியில் எல்லாம் பத்திரமாகத்தான் இருக்கிறது.

பத்து மணியிலிருந்து பத்து பத்து வரை வினாத்தாளைப் படிக்கத் தருகிறார்கள், அடுத்த ஐந்து நிமிஷம் விடைத்தாளில் உன் விவரங்களைச் சரிபார்க்க, பத்தேகாலுக்குத்தான் எழுத்து. அந்தப் பத்து நிமிஷத்தில் தெரியாத கேள்வியைத் தேடித் தேடிப் பார்த்துப் பயப்படாதே, மனசு அங்கேதான் ஓடும், இழுத்துப் பிடி. தெரிந்த மூன்றே மூன்றைக் கண்டுபிடி, எது எதுவென்று எண்ணை மனசில் வைத்துக்கொள். பெல் அடித்ததும் அதில் எளிதானது ஒன்றை எழுது. ஒன் மார்க்கில் தொடங்குவதுதான் பெரும்பாலானவர்களுக்குச் சரி, கை ஓட ஆரம்பித்தால் மேஜையிலிருந்து பயம் தானாக இறங்கும். ஒன் மார்க்கில் எண்ணை மட்டும் போட்டுவிட்டு ஓடாதே, குறியீடும் விடையும் இரண்டும் எழுத வேண்டும் என்று வினாத்தாளிலேயே போட்டிருப்பார்கள், அதைப் படிக்காமல் ஓடுகிறவர்கள் வருஷா வருஷம் இருக்கிறார்கள்.

நேரக் கணக்கு எளிது: 180 நிமிஷம், 90 மார்க், மார்க்குக்கு இரண்டு நிமிஷம். ஐந்து மார்க் கணக்கில் பன்னிரண்டாவது நிமிஷம் ஓடிக்கொண்டிருக்கிறது, விடை வரவில்லையா, அரைப் பக்கம் இடம் விட்டு நகர்ந்துவிடு. படிகளுக்கு மார்க் உண்டு, சூத்திரம் எழுதிப் பிரதியிட்டிருந்தால் அதற்கானது கிடைக்கும். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி 70க்கு என்பதால் மார்க்குக்கு இரண்டரை நிமிஷம், அங்கே கொஞ்சம் மூச்சு விடலாம்.

பக்கத்துப் பெஞ்சில் ஒருத்தி பதினோரு மணிக்கே அடிஷனல் ஷீட் கேட்பாள். எல்லா ஹாலிலும் அப்படி ஒருத்தி உண்டு. அவள் பெரிய எழுத்தில் எழுதுகிறவளாக இருக்கும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

இதைப் பிள்ளை உங்களிடம் காட்டினால் ஒரே ஒரு வேண்டுகோள்தான் அம்மா, அப்பா. "படிச்சியா?" என்று கேட்பதைத் தேர்வு முடியும்வரை "சாப்பிட்டியா?" என்று மாற்றிக்கொள்ளுங்கள். முதல் கேள்விக்குப் பொய்தான் பதிலாக வரும். வாழ்த்துச் சொல்கிறேன் என்று போன் செய்து "எவ்வளவு எதிர்பார்க்கிறே?" என்று கேட்கும் சொந்தங்களிடம் பிள்ளை தூங்குகிறது என்று சொல்லிவிடுங்கள்.

அறிகுறி: இந்த வழிமுறைக்குள் அடங்காதது

வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதற்கும் காரணமில்லாமல் அழுகை, "நான் இல்லாமலே போய்விட்டால் நல்லது" என்ற எண்ணம் ஒரே ஒரு தடவை வந்திருந்தாலும்கூட, மேலே சொன்ன எதையும் முயன்றுகொண்டிருக்காதே. வீட்டில் யாரிடம் சொன்னால் கத்த மாட்டார்களோ அவரிடம் இன்றைக்கே சொல். சொல்ல வாய் வரவில்லையென்றால் 14416க்கு போன் செய், டெலிமானஸ் என்கிற அரசாங்கத்தின் மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டின் 104லும் பேசலாம், பள்ளி, தேர்வு சம்பந்தமான குழப்பங்களுக்கு 14417. ஒரு பாடத்தில் போய்விட்டால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்: ரிசல்ட் வந்த கையோடு அதே கோடையில் துணைத் தேர்வு வைக்கிறார்கள், எழுதித் தேறி அதே வருஷம் காலேஜில் சேர்ந்தவர்கள் என்னிடம் படித்தவர்களிலேயே இருக்கிறார்கள்.

அறிகுறி: ஒரு தேர்வு சொதப்பிவிட்டது, அடுத்ததற்கு உட்கார முடியவில்லை

பொதுத்தேர்வில் தாளுக்குத் தாள் ஒன்றோ இரண்டோ அதற்கு மேலோ நாள் விடுமுறை வரும். அந்த நாட்கள் படிப்பதற்கு என்று அட்டவணை போட்டவர்கள் நினைத்திருப்பார்கள். பிள்ளைகள் முதல் நாளைப் போன தேர்வுக்குக் காரியம் பண்ணுவதற்கே செலவழிக்கிறார்கள். கேட்டைத் தாண்டியதும் ஒன் மார்க் ஒப்பிடுகிற கூட்டம் ஒன்று சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கும், அங்கே நிற்காமல் வந்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. அங்கே யாரோ ஒருவன் அடித்துச் சொல்கிற விடை தப்பாகவும் இருக்கும், அதைக் கேட்டு நீ சரியாக எழுதியதற்கு ராத்திரி முழுக்க அழுதுகொண்டிருப்பாய்.

நேராக வீட்டுக்கு வா, சாப்பிடு, இரண்டு மணிநேரம் தூங்கு. கொஸ்டின் பேப்பரை அம்மாவிடம் கொடுத்து எங்கேயாவது வைக்கச் சொல், கடைசித் தேர்வு முடிகிறவரை கண்ணில் படக் கூடாது. எழுந்து முகம் கழுவியதும் அடுத்த பாடத்தில் பத்து ஒன் மார்க், மூடி, எழுதி, திருத்தி. ஆறு தப்பாக இருக்கும். நோட்டில் குறித்துக்கொள்.